பன்னிரண்டு முயல்களும் ஓடவில்லை

குளத்தங்கரைக் காட்டில் செம்பன் என்றொரு கீரி இருந்தான். பாம்போடு கட்டிப் புரண்டு பாடம் படித்தவன். வாய் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. ஒரு நாள் வாலைச் சிலிர்த்துக்கொண்டு ஓடி வந்தான். முயல்களின் பயத்துக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டானாம்!

பன்னிரண்டு முயல்களை உட்கார வைத்து, காட்டுப்பூனையின் முடியை மூக்குக்கு எதிரே போட்டானாம். பக்கத்தில் சில்வண்டைப் பாட விட்டானாம். ஒன்றுகூட ஓடவில்லையாம். சில்வண்டுப் பாட்டைக் கேட்டால் முயலுக்குப் பயம் போய்விடும் என்று ஓர் இலையில் எழுதியே கொண்டு வந்துவிட்டான்.

காட்டு முயல்கள் எல்லாம் குதித்தன. அந்தக் கோடையில் புல் மிஞ்சியிருந்தது காட்டுப்பூனை வாழும் சரிவில் மட்டும்தான். சில்வண்டைக் கூட்டிக்கொண்டு போனால் வயிறார மேயலாமே!

ஆனால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம். எந்தக் கண்டுபிடிப்பானாலும் நாரையக்கா குளத்துப் பாறைமேல் நின்று அறிவித்தால்தான் செல்லும். அதற்கு முன் இலையில் இருக்கும் பெயரை அலகால் கிழித்துவிட்டு, விஷயம் தெரிந்த இருவரிடம் கொடுப்பாள். அவர்களும் பெயர் போடாமல் கருத்து எழுதி அனுப்புவார்கள்.

மாலையில் இரண்டு இலைகள் திரும்பி வந்தன. ஒன்றில் 'அருமை' என்று ஒரே சொல். மற்றதில் இரண்டு கேள்விகள். சில்வண்டு பாடாதபோது முயல்கள் என்ன செய்தன? ஓடாவிட்டால் பயமில்லை என்று எப்படித் தெரியும்?

செம்பனுக்கு ரத்தம் கொதித்தது. பொறாமை பிடித்த உடும்புதான் இதை எழுதியிருக்கும் என்று கத்தினான். கத்தி முடித்ததும் பேரத்தில் இறங்கினான்.

"ஒருத்தர்தான் அருமைன்னுட்டாரே நாரையக்கா. பாதியையாவது அறிவிச்சிடுங்க."

"எந்தப் பாதியை நம்பி முயல் அந்தச் சரிவுல ஏறும், தம்பி?"

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தருகிறேன் என்று இறங்கி வந்தான். நாரையக்கா தூக்கிய காலைக்கூடக் கீழே வைக்கவில்லை.

கேட்டவன் மூக்கை உடைக்கிறேன் என்று கறுவிக்கொண்டே, விடிந்ததும் அதே முயல்களை உட்கார வைத்தான். பூனை முடியைப் போட்டான். சில்வண்டை வாயை மூடச் சொன்னான்.

பன்னிரண்டும் அப்படியே உட்கார்ந்திருந்தன!

செம்பனுக்குத் திக்கென்றது. ஒரு முயலின் விலாவில் கை வைத்துப் பார்த்தான். உள்ளே நெஞ்சு உலக்கை போல இடித்தது.

"பயமா இருக்கா?"

"உசிரே போகுது அண்ணே. கால் கல்லாயிடுச்சு."

"அன்னைக்குச் சில்வண்டு பாடினப்போ?"

"அப்பவும் இதேதான். மத்த பதினொண்ணும் தைரியமா உட்கார்ந்திருக்கு, நான் மட்டும்தான் கோழைன்னு நினைச்சு வாயைத் திறக்கல. நீங்களும் கேக்கலையே."

மற்ற முயல்களையும் கேட்டான். பதினொன்றும் அதையேதான் சொல்லின.

செம்பன் குளத்துக்குப் பறந்தான். பாறையடியில் முயல்கள் குட்டிகளோடு காத்திருந்தன. சில்வண்டும் தயார். அறிவிப்பு வந்ததும் நேரே சரிவுக்குத்தான்!

"நான் சொன்னது தப்பு" என்றான் செம்பன். அப்படி ஒரு சொல் அவன் வாயிலிருந்து வந்து அந்தக் காடு கேட்டதில்லை. "யாரும் அங்க போகாதீங்க. பயந்த முயல் ஓடாமலும் உட்கார்ந்திருக்கும்."

பழைய இலையைத் தானே கிழித்தான். கண்டதைப் புதிய இலையில் எழுதி நாரையக்காவிடம் நீட்டினான்.

"இதை அந்தக் கேள்வி கேட்டவர்கிட்டயே முதல்ல குடுங்க அக்கா. யாருன்னு எனக்குச் சொல்ல வேண்டாம்."

நம் கண்டுபிடிப்பில் ஓட்டை தேடுகிறவரே, அதை நம்பி நடப்பவர்களின் உயிருக்குக் காவல்.