அறுபதா, நூறா?

எஸ்தர் மேடத்தின் மைக் பட்டறையில் குலசேகரன்தான் மூத்த சீடர். வயதில் குருவுக்கே அண்ணன். தலை நரைத்த பிறகு தொழில் கற்க வந்தவர் என்றாலும் கை சுத்தம். வடபழனி ஸ்டுடியோக்காரர்களே அதை ஒத்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் வால்வு மைக் ஒரு ஜோடி ரிப்பேருக்கு வந்தது. ஒன்று நன்றாக இருந்தது, மற்றது ஊமை. அந்தக் காலத்துச் சரக்கு, சர்க்யூட் படம் கிடையாது. இப்படி ஒன்றைத் தொட மாட்டோமா என்று குலசேகரன் வருஷக்கணக்காக ஏங்கிக் கிடந்தார். குருவோ அதைத் தூக்கி நஸ்ரின் கையில் கொடுத்துவிட்டார்.

நஸ்ரின் போன தை மாதம் சேர்ந்தவள். ஈயம் உருக்கிப் பற்றவைக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே குலசேகரன்தான். வயிறு எரியாதா? எரிந்தது. அவள் யாரிடம் பேசிச் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று தோன்றியது.

ஊமை மைக்கில் ஒரு ரெசிஸ்டர் கருகியிருந்தது. மதிப்பைச் சொல்ல வேண்டிய வண்ணப் பட்டைகள் எல்லாம் ஒரே காப்பித்தூள் நிறம். நல்ல மைக்கில் அதே இடத்தில் இருந்ததும் சூட்டில் நிறம் மாறிப்போனதுதான். நஸ்ரின் அதை அளந்து பார்த்தாள். “நூறு கிலோ ஓம்” என்றாள். ஊமை மைக்கில் புதிதாக ஒரு நூறை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

குலசேகரன் சும்மா இருப்பாரா? நல்ல மைக்கைத் திறந்து, அந்த ரெசிஸ்டரில் மீட்டரை வைத்தார். அறுபது. மறுபடி வைத்தார். அறுபதேதான்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போலிருந்தது அவருக்கு. இரண்டு மைக்கையும் தூக்கிக்கொண்டு குருவிடம் ஓடினார்.

“மேடம், அந்தப் பொண்ணு தப்பு பண்ணிட்டா. வேண்டியது அறுபது. நூறைப் போட்டு வச்சிருக்கா. சாயங்காலம் மைக் அப்படியே போச்சுன்னா நம்ம மானம் போயிடும்.”

“அப்படியா?”

“நானே அளந்தேன். என்கிட்ட குடுங்க, சரி பண்ணிடறேன்.”

குரு பற்றவைக்கும் சூட்டுக்கோலை எடுத்தார். நல்ல மைக்கின் ரெசிஸ்டரில் ஒரு முனையின் ஈயத்தை இளக்கி, அந்த ஒரு காலை மட்டும் போர்டிலிருந்து விடுவித்தார்.

“இப்ப அளங்கண்ணே.”

குலசேகரன் அளந்தார். நூறு.

“கூட மாட்டியிருக்கற மத்த பார்ட்டுங்களோட சேர்த்து அளந்தா என்ன ஆகும்?”

“கம்மியா காட்டும்.”

“நஸ்ரினுக்கு இதை யாரு சொல்லிக் குடுத்தது?”

“நான்தான் மேடம்.”

அதோடு அவர் போயிருக்கலாம். போகவில்லை. மனசில் கிடந்ததைக் கொட்டிவிட்டார்.

“பொறாமைதான் மேடம், ஒத்துக்கறேன். பொறாமை கண்ணை மறைச்சிடுச்சு. ஆனா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மைக்கை அவகிட்ட குடுத்தீங்களே, அவளுக்கு முன்னால நான் அவ்வளவு கம்மியா?”

கேட்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எஸ்தர் மேடம் சூட்டுக்கோலைக் கீழே வைத்தார்.

“எப்பவும் உங்களை அவளோட சேர்த்துத்தானேண்ணே அளக்கறீங்க?” என்றார்.