துரையின் இருக்கைக்கு அடியில்

இங்கிலாந்தில் ஆஷ்கோம் என்னும் சிற்றூரின் பண்ணையார் ஹார்க்ரோவ் துரை. பக்கத்து ஊர்த் தேவாலயம் தம்மூர்த் தேவாலயத்தைவிட நூறாண்டு மூத்தது என்று கேள்விப்பட்ட நாள்முதல், அதன் மணியோசை கேட்டாலே அவருக்கு வயிறு எரிந்தது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், கல்லறைக் குழி வெட்டும் டாபினைச் சபைமுன் அழைத்தார்.

“அவர்கள் தேவாலயத்தைவிடப் பழைய கல் ஒன்றை இங்கே காட்டு. இல்லையேல் வேலையையும் வீட்டையும் விட்டுப் போ!”

“இருக்கிறது, துரை. உங்கள் குடும்பத்துக்கென்று பாட்டனார் கதவுபோட்டு அடைத்துக் கட்டினாரே, இந்த இருக்கை, இதற்கு அடியில்தான். கடப்பாரை கொண்டுவரட்டுமா? பெயர்த்தபின் நீங்கள் எங்களோடு பெஞ்சில் அமரலாம்.”

துரை பெஞ்சைப் பார்த்தார். அவருடைய மாட்டுக்காரன் மரியாதையாக நகர்ந்து இடம்விட்டான்.

“கடப்பாரை எதற்கு? நீ சொன்னால் போதாதா!” என்றார் துரை.

டாபின் வேலையில் நீடித்தான். அடியில் கல் இருந்ததா என்று எவரும் பார்த்ததில்லை.