அடைகல்லில் உட்கார்ந்த விகடர்

வேங்கைமலை அரண்மனையில் அம்பலவாணர் என்றொரு விகடர் இருந்தார். ராஜா சொக்கலிங்க பூபதியைச் சிரிக்க வைப்பதுதான் அவருக்கு உத்தியோகம். வெற்றிலைப் பெட்டியைவிடக் கனமான எதையும் ஆயுளில் தூக்கியறியாத மனிதர். ஆனால் வாய்ச்சவடாலுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது.

தேர்த் திருவிழா நெருங்கிய சமயம் பார்த்து, கோட்டைக் கொல்லரின் அடைகல் விரிசல் விட்டுவிட்டது. பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்க அந்த இரும்புக் கட்டிதானே ஆதாரம்! அது இல்லாமல் தேர்ச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவது எப்படி?

"புதுசு செய்ய நாளாகும் மகாராஜா. நல்லா அடிபட்ட பழைய கல் ஒண்ணு கிடைச்சாப் போதும்" என்றார் கொல்லர்.

அம்பலவாணர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தால் அவர் அம்பலவாணர் இல்லையே! "பழைய அடைகல்தானே? கத்தரிக்காய் வாங்குகிற மாதிரிதான்" என்றார்.

தளவாய் மருதையாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. காத்திருந்தவர் போலப் பிடித்துக்கொண்டார். "இவரே போய் வாங்கி வரட்டும் மகாராஜா. துணைக்கு யாரும் வேண்டாம். சொத்தைக் கல்லைக் கொண்டுவந்தால், அடுத்த தேர் வரைக்கும் கொல்லருக்குத் துருத்தி ஊதட்டும். இத்தனை நாளும் வாயால் ஊதினார், இனிக் கையால் ஊதட்டுமே!"

ராஜா சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டார். துருத்தியை நினைத்ததும் அம்பலவாணருக்கு அங்கேயே தோள்பட்டை வலிக்க ஆரம்பித்தது.

பழைய இரும்புச் சந்தையில் அடைகற்கள் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் கறுப்பு. எல்லாம் கனம். ஒரு சுத்தியலை இரவல் வாங்கித் தட்டிப் பார்த்தார். சந்தை இரைச்சலில் ஒன்று 'ணங்' என்றது. அடுத்ததும் 'ணங்' என்றது. மூன்றாவது அடி அவருடைய கட்டைவிரலில் விழுந்தது. அந்தச் சத்தம் மட்டும் சந்தை முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

'அம்பலவாணா, உனக்குக் கத்தரிக்காயே பார்த்து வாங்கத் தெரியாதே! வீட்டில் அதற்குத் தினமும் திட்டு வாங்குகிறாயே!' என்று தன்னையே நொந்துகொண்டு, பக்கத்தில் பளபளவென்று எண்ணெய் பூசிக் கிடந்த ஒரு கல்லின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நல்லா சாஞ்சு உக்காருங்க சாமி!" என்றான் அதன் வியாபாரி. மோர் கொடுத்தான். விசிறியும் விட்டான்.

மோர் குடித்த தெம்பில் நாலு எட்டு நடந்தார். வெயில் தாங்கவில்லை. எண்ணெய்ப் பூச்சு எதுவும் இல்லாத இன்னொரு கல்லில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுதான் தாமதம், பின்பக்கம் சுரீர் என்றது. கையில் குறடோடு நின்றார் அந்தக் கல்லுக்குச் சொந்தக்காரரான இருளப்பாசாரி.

"எந்திரிய்யா! விழுந்து கும்பிடுற கல்லுய்யா இது! இதுல போய் குந்துறியே, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? எங்கண்ணன் உசிரோட இருந்தா உன் இடுப்பை ஒடிச்சிருப்பான்!"

அம்பலவாணர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஓடியவர் சட்டென்று நின்றார். முகம் மலர்ந்தது. அப்புறம் அவர் செய்த கூத்தைச் சந்தையே கூடி நின்று பார்த்தது. மீதி இருந்த கல் ஒவ்வொன்றிலும் போய் உட்கார்ந்து எழுந்தார். எல்லா இடத்திலும் ராஜ உபசாரம்தான். ஓர் அதட்டல்கூட இல்லை.

நேரே இருளப்பாசாரியிடம் திரும்பி வந்து, எட்டியே நின்று கேட்டார். "இவ்வளவு பாசம் வைத்திருக்கிறீரே, பின்னே ஏன் விற்கிறீர்?"

"எனக்குன்னு பட்டறையில ஒண்ணு இருக்கு. அண்ணன் கல்லைத் துருப்பிடிக்க விட மனசு வரல. ஆனா வேலை செய்யிற கைக்குத்தான் கொடுப்பேன். உன் கைக்குக் கொடுக்க மாட்டேன்."

"என் கையைப் பார்த்தாலே தெரிகிறதா? நல்லது. இது தேர் வேலைக்கு ஆசாரியாரே. அடிக்கப்போவது கோட்டைக் கொல்லர்."

இருளப்பாசாரி கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வண்டியில் அவரே ஏற்றிவிட்டார்.

சபைக்கு வந்தால், அங்கே தளவாய் இன்னொரு கல்லோடு தயாராக நின்றார். "மகாராஜா, இந்த மனிதர் கல்லைப் பார்த்து வாங்கவில்லை. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்து வாங்கினாராம்! நல்லவேளை, இவர் வேண்டாம் என்று விட்டுவந்த உயர்ந்த சரக்கை நான் வாங்கி வைத்தேன்."

அம்பலவாணர் அதை உற்றுப் பார்த்தார். எண்ணெய்ப் பளபளப்பு! "அடடே, மோர்க் கல்!" என்றார்.

ராஜாவுக்கு ஆவல் தாங்கவில்லை. சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து பக்கத்திலேயே நின்றுகொண்டார். கொல்லர் சம்மட்டியை ஓங்கித் தளவாயின் கல்லில் ஒரு போடு போட்டார். 'தொத்'தென்றது. விரிசலில் அடைத்து வைத்திருந்த மெழுகும் கரியும் பொலபொலவென்று உதிர்ந்தன. அடுத்து இருளப்பாசாரியின் கல்லில் அடித்தார். 'கணீர்!' சம்மட்டி துள்ளி எழுந்தது. கொல்லர் அந்தக் கல்லைக் கும்பிட்டார்.

தளவாய் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஓய், இரும்பைப் பற்றி உமக்கு என்ன தெரியும்? எப்படிக் கண்டுபிடித்தீர்?" என்றார் ராஜா.

"சத்தியமாக ஒன்றுமே தெரியாது மகாராஜா. தலையில் இல்லாத அறிவை வேறு இடத்தில் வைத்துத்தான் சமாளித்தேன்" என்று சொல்லியபடியே அம்பலவாணர் நடந்துபோய், காலியாக இருந்த சிம்மாசனத்தில் சாவகாசமாக உட்கார்ந்தார்.

ராஜாவின் கை வாளுக்குப் போனது. "எழுந்திரடா! அது என்ன இடம் என்று தெரியுமா?"

அம்பலவாணர் துள்ளி எழுந்தார். கை கட்டி, வாய் பொத்தி, பணிவாகச் சொன்னார்:

"தெரிந்துவிட்டது மகாராஜா. அந்த நல்ல கல்லுக்காரரும் இப்படித்தான் அதட்டி எழுப்பினார். நல்ல சிம்மாசனம். இம்மியும் விரிசல் இல்லை!"

ஒரு கணம் விழித்த ராஜா, வாளை விட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துருத்தி வேலை தளவாய்க்குப் போயிற்று. அம்பலவாணருக்கு இலவம்பஞ்சு மெத்தை ஒன்று பரிசாகக் கிடைத்தது. குறடு பட்ட இடம் ஆறும்வரை அவர் அதில் குப்புறத்தான் படுத்துக் கிடந்தார்.