பல் துலக்காத இளவரசர், பராக் பராக்

கொன்றைப்பட்டணத்து ராஜா மங்கலராயருக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் படிப்பில் படு கெட்டி. ராணி செங்கமல நாச்சியார் பிள்ளைகளை எங்கேயும் அனுப்பாமல் அரண்மனையிலேயே வைத்துத் தானே சொல்லிக்கொடுத்தாள். கணக்கும் இலக்கணமும் அதுகளுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் பல் துலக்கச் சொல்லிப் பாருங்கள், அரண்மனையே ரெண்டுபடும். மூத்தவன் நரசிங்கன் வேப்பங்குச்சியைக் கண்டால் மாடிக்கு ஓடுவான். நடுவுள்ளவள் அமுதவல்லி எழுதிய ஓலையை எடுத்துவைக்க மாட்டாள், ஆட்டுக்குட்டிக்குத் தின்னக் கொடுத்துவிடுவாள். கடைக்குட்டி ரங்கன் கன்னத்தில் நேற்றுத் தின்ற பணியாரம் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் மந்திரி சாமந்தராயர் கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணன் மலைக்கு அந்தப்பக்கம், ஐந்து நாள் நடையில், ஒரு குருகுலம் வைத்திருந்தார். ராஜா வீட்டுப் பிள்ளைகள் வந்து சேர்ந்தால் அண்ணனுக்குக் கேட்க வேண்டுமா? வீட்டில் படித்தால் பழக்கவழக்கம் வராது, பன்னிரண்டு வருஷம் குருகுலத்தில் விட்டால் தானாக வந்துவிடும் என்று ராஜா காதில் ஓதிக்கொண்டே இருந்தார். ராஜாவும் ஒருநாள் தலையாட்டிவிட்டார்.

சேதி ராணி காதுக்கு எட்டியது. பன்னிரண்டு வருஷமாம்! ரங்கனுக்கு வயசே ஐந்துதான். அவளுக்கு வேறு யாரைத் தெரியும், சபையில் வாய்க்காரன் என்று பேரெடுத்த மருதையனைக் கூப்பிட்டு அழுதாள். அழுகிற தாயைப் பார்த்ததும் மருதையனுக்கு மனசு கேட்கவில்லை. நேரே ராஜாவிடம் போய் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், அவகாசம் கேட்டான்; அதற்குள் பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம் வந்துவிடும் என்றான்.

சாமந்தராயர் விடுவாரா? உடனே நிபந்தனை போட்டார்.

"பிள்ளைகளை ஏவக் கூடாது, ஏசக் கூடாது, அடிக்கக் கூடாது, அதிரசத்தைக் காட்டி ஆசை மூட்டவும் கூடாது. தானாகச் செய்தால்தான் பழக்கம். இதில் ஒன்று தப்பினாலும் மறுநாளே பல்லக்குக் கிளம்பும்."

ராஜா சரி என்றுவிட்டார். வீறாப்பாகத் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்த மருதையனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரெண்டு ராத்திரி தூங்காமல் யோசித்தான். மூன்றாம் நாள் சபையில் அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ராஜா வந்தார். கட்டியக்காரன் சோலையப்பன் வழக்கம்போல அடிவயிற்றிலிருந்து பட்டங்களை எடுத்துவிட்டான். ராஜாதிராஜ, ராஜகம்பீர என்று அவன் அடுக்கிக்கொண்டே போக, மருதையனுக்குத் தூக்கம் பறந்துவிட்டது.

அன்றைக்கே ராஜாவிடம் பணிவாக விண்ணப்பித்தான். இளவரசர்கள் சபைக்கு வரும்போது கட்டியம் கூற ஆள் இல்லையே, ராஜ வம்சத்துக்கே அது குறையல்லவா என்றான். அதுவும் நியாயந்தான் என்று ராஜா சோலையப்பனையே அமர்த்திக் கொடுத்தார். மருதையன் சோலையப்பனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாதியைக் கேட்டு, நடந்ததை மட்டும் கூற வேண்டும்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. பிள்ளைகள் தகப்பனை வணங்க வந்தார்கள். சோலையப்பன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"ஐந்து நாளாய்ப் பல்லில் குச்சி படாத பெருந்தகை, இளவரசர் நரசிங்கர், பராக் பராக். ஓலைச்சுவடியை ஆட்டுக்குட்டிக்கு விருந்து வைத்த வள்ளல், இளவரசி அமுதவல்லி, பராக் பராக். நேற்றைய பணியாரத்தை இன்றும் கன்னத்தில் சுமக்கும் கடைக்குட்டி ரங்கர், பராக் பராக்."

சபையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கி அடக்கிச் சேனாதிபதிக்கு விக்கல் எடுத்துவிட்டது.

நரசிங்கனுக்கு மூஞ்சி சிவந்துபோயிற்று. வெளியே வந்ததும் பட்டத்தை மாற்றச் சொல்லிச் சோலையப்பன் வேட்டியைப் பிடித்து இழுத்தான். நடக்காததைச் சொல்லத் தனக்கு உத்தரவு இல்லை என்று அவன் கைகட்டி நின்றான். மறுநாள் கோழி கூவுமுன் இளவரசர் கிணற்றடியில் வேப்பங்குச்சியோடு நின்றார். ஆட்டுக்குட்டியும் அன்றிலிருந்து வெறும் புல்லைத்தான் தின்றது.

ரங்கன் விஷயத்தில்தான் மருதையன் போட்ட கணக்குத் தப்பியது. அவனுக்குத் தன் பட்டம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. கலையாமல் இருக்கட்டும் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டே தூங்கினான். ஒரு வாரம் இப்படியே போயிற்று. எட்டாம் நாள், அண்ணனுக்கு மட்டும் தினம் புதுப் பட்டமா, எனக்கு இந்த ஒரே பணியாரம்தானா என்று பயல் சண்டைக்கு வந்தான். புதுசாக ஏதாவது நடந்தால் புதுசாகச் சொல்லுவேன் என்றான் சோலையப்பன். அவ்வளவுதான், ரங்கன் மூஞ்சி கழுவினான், குளித்தான், பாயைச் சுருட்டினான். சுருட்டின பாயை விரித்து மறுபடியும் சுருட்டினான். கட்டியம் அரை நாழிகை நீண்டது.

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் ராஜாவே வந்து பார்த்தார். பிள்ளைகள் யாரும் சொல்லாமலே குளித்து முடித்து ஓலையோடு உட்கார்ந்திருந்தார்கள். ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாமந்தராயர் குறுக்கே விழுந்தார். "நிபந்தனை தப்பிவிட்டது மகாராஜா. சபை நடுவே அந்தக் கட்டியக்காரன் பிள்ளைகளை ஏசியிருக்கிறான். பல்லக்கைக் கொண்டுவரச் சொல்லுங்கள்."

ராஜா யோசித்தார். ராணி ரங்கனைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். மருதையன் மெதுவாகச் சொன்னான்: "நடந்ததைச் சொன்னால் அது ஏச்சா, புகழ்ச்சியா? மகாராஜாதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சோலையப்பன் தினமும் தங்கள் பள்ளியறை வாசலில் நிற்பவன். தங்களைப் பற்றியும் நாலு வரி நடந்ததைச் சொல்லட்டும், கேட்டுப் பாருங்கள்."

சோலையப்பன் மூச்சை இழுத்தான். "வெந்நீர் ஆறிப்போகும்வரை புரண்டு படுப்பவர், குளிப்பதற்குப் பதிலாகப் பன்னீர் தெளித்துக்கொண்டு சபைக்கு வரும்..."

"புகழ்ச்சி," என்றார் ராஜா. "சந்தேகமே இல்லை, அது புகழ்ச்சிதான். பிள்ளைகள் இங்கேயே படிக்கட்டும். நீ வாயை மூடப்பா."

ராணி சிரித்த சிரிப்பில் ராஜாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு மருதையன் தோளைத் தட்டினார். "உனக்கு வெகுமதி தராமல் விடலாமா? நாளை முதல் ஒரு மண்டலம் சோலையப்பன் உன் வீட்டு வாசலில் கட்டியம் கூறுவான்."

மருதையன் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தான். ஒன்றும் எடுபடவில்லை. மறுநாள் காலை தெருவே கூடி நிற்க, சோலையப்பன் ஆரம்பித்தான். "அவிழ்த்துப் போட்ட வேட்டியை நடுக்கூடத்திலேயே விட்டுவிட்டு வரும் மகா சமர்த்தர், மருதையர், பராக் பராக்."

மருதையன் பெண்டாட்டி தையல்நாயகி ஒரு செம்பு மோரோடு வெளியே வந்தாள். "தொண்டை காய்ஞ்சிடப் போகுது, இதைக் குடிங்க அண்ணே. அப்படியே உட்காருங்க, மிச்சத்தையும் நான் சொல்றேன்."