கழுவாத குழாய்

“என் வீட்டம்மாவுக்கு ஒரு நோயும் இல்ல. பாருங்க மேடம்!”

டாக்டர் ஆரோக்கியம் வரைபடத்தை மேசைமேல் அறைந்தார். ஊருக்கெல்லாம் நரம்பு வைத்தியம் பார்த்தவர், இந்த ரத்த ஆய்வுக்கூடத்தில் இப்போது மாணவர். சீடருக்குத் தலை முழுக்க நரை. குரு பர்வீனுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை.

“மறதி நோய் வந்தவங்க ரத்தத்துல இந்தக் கோடு படுத்துக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? ஃபிலோமினா கோடு நிமிர்ந்து நிக்குது. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. திமிர்! தினமும் காலையில என்னையே ‘யாருங்க நீங்க’ன்னு கேக்கறா. நான் பதிலே சொல்றதில்ல.”

“எத்தனை தடவை கழுவினீங்க?”

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

இங்கே முதல் பாடமே கழுவுவதுதான். சிவப்பணுவின் மேல்தோலில் இருக்கும் புரதத்தோடு ஸ்பின் லேபிள் என்ற சின்ன மூலக்கூறை ஒட்டவைப்பார்கள். புரதம் அசைகிற விதத்தை அது காந்தக் கருவியில் கோடாகக் காட்டிக்கொடுக்கும். ஒட்டாத லேபிளும் சோதனைக் குழாயில் மிதக்கும். கழுவி நீக்காவிட்டால் அது தன் போக்கில் துள்ளி, படுத்த கோட்டையும் நிமிர்த்திவிடும்.

“மத்தவங்களோடத நல்லாத்தான் கழுவினேன்.”

“இத?”

“கழுவக் கழுவக் குறையுது மேடம். அவ ரத்தம் அது!”

பயந்தவருக்குத்தான் குரல் ஏறும்.

“முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறீங்க, டாக்டர்.” பர்வீன் குழாயை நீட்டினார். “கழுவுங்க.”

“மாட்டேன்.”

“சரி.” குழாயைத் தொட்டிக்கு மேல் கவிழ்க்கப் போனார்.

டாக்டர் பாய்ந்து பிடுங்கிக்கொண்டார்.

கழுவினார். சுழற்றும் கருவியின் மூடியை ஓங்கிச் சாத்தினார். எடுத்தார். மறுபடி கழுவினார். பர்வீனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

காந்தக் கருவியில் வைத்தார். கோடு படுத்துவிட்டது.

“இன்னும் கழுவட்டுமா?” என்றார் வீம்பாக.

“ஒரு குழாய வச்சு யாருக்கும் நோய்னு சொல்ல முடியாது. அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.”

“குழாய் சொல்லல மேடம். எல்லாத்தையும் கழுவினவன் இத மட்டும் ஏன் கழுவல?”

வெள்ளை அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“வீட்டுக்கு. யாருன்னு கேப்பா.”

“கேட்டா?”

“நூறு தடவ கேக்கட்டும். நூறு தடவையும் பேரச் சொல்றேன்.”