வாயாடிச் செடி வாயை மூடிய கதை

செடிகொடிகள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கல் செடிக்குக் கல் செடி என்று பெயர் இல்லை. வாயாடிச் செடி என்றுதான் கூப்பிட்டார்கள். பச்சைப் பசேலென்று இரண்டே இரண்டு தடித்த இலைகள், நடுவில் ஒரு பிளவு. பார்ப்பதற்கு உதடுகள் மாதிரி இருக்கும். அந்த உதடுகள் ஒரு நிமிடமும் சும்மா இருந்ததில்லை.

அதன் ஊர் வெகு தொலைவில், மழை எப்போதாவது எட்டிப் பார்க்கும் ஒரு கல்வெளி. அங்கே பேச்சு என்றால் உள்ளது உள்ளபடிதான். ஈரம் இருந்தால் இருக்கிறது என்பார்கள், தீர்ந்தால் தீர்ந்தது என்பார்கள். மாற்றிச் சொன்னால் நம்பி வந்தவர் தாகத்தில் செத்துப்போவார் அல்லவா?

அந்தக் கல்வெளி வழியாக உப்பு வண்டி ஓட்டியவர் நாச்சிமுத்து. அவர் மனைவி வேலாத்தாளுக்குச் செடிப் பைத்தியம். ஊர்ப் பெண்கள் வெளியூர் போகும் கணவனிடம் சேலை கேட்டால் இவள் செடி கேட்பாள். உடைந்த பானை, ஓட்டைச் சட்டி, தேய்ந்த உரல் எல்லாவற்றிலும் ஏதாவது ஒன்று முளைத்து நிற்கும். வாசலில் கால் வைக்க இடம் கிடையாது. நாச்சிமுத்து ஒரு தடவை துண்டில் முடிந்து இரண்டு வாயாடிகளைக் கொண்டுவந்தார். அக்காவும் தங்கையும். வேலாத்தாள் சரளைக்கல் நிரப்பிய சட்டிகளில், வாசலின் இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்றாக வைத்தாள்.

வந்த அன்றே இரண்டும் பேச ஆரம்பித்துவிட்டன. வேலாத்தாளுக்கு அது பிடித்திருந்தது. வீட்டுக்காரர் பாதி நாள் வண்டியிலேயே கிடப்பவர். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு.

ஆனால் அவள் வீட்டுப் பேச்சு வேறு மாதிரி. அங்கே அமங்கலமாக ஒரு சொல் வரக்கூடாது. விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டார்கள், குளிர வைக்கச் சொல்வார்கள். அரிசியோ உப்போ தீர்ந்துபோனால் இல்லை என்று சொல்ல வாய் வராது, 'நிறைஞ்சிருக்குது' என்பார்கள். கேட்டவர் புரிந்துகொண்டு வாங்கி வருவார்.

அக்கா வாயாடிக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. “வாரேன் வாரேன்னு சொல்லிட்டு எதுக்கு ஆத்தா அவரு போறாரு?” என்று ஒருநாள் கேட்டது.

“அப்படிச் சொன்னாத்தான் கண்ணு நல்லபடியாத் திரும்பி வருவாரு.”

“எங்க ஊர்ல போறவங்க போறேன்னுதான் சொல்லுவாங்க. அவங்களும்தான் திரும்பி வர்றாங்க.”

வேலாத்தாள் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

அந்த வருஷம் அக்கா வாயாடி பிள்ளையுண்டானது. இந்தச் செடி பிள்ளை பெறும் விதமே தனி. புது இலைகள் தாயின் இலைகளுக்குள்ளேயே உருவாகும். தாய் சேர்த்துவைத்த நீரைக் குடித்தே வளரும். வெளியிலிருந்து ஒரு சொட்டும் ஆகாது. பிள்ளை பருக்கப் பருக்கத் தாய் சுருங்கி, கடைசியில் வெறும் தோலாக உலர்ந்து வழிவிடும். கல்வெளியில் இது எல்லோருக்கும் தெரியும். அதனால் பிள்ளையுண்டானதைச் சொன்னதே தவிர, தான் வற்றப்போவதையும் வேலாத்தாளிடம் சொல்ல வேண்டுமென்று அதற்குத் தோன்றவில்லை.

செடி வற்றுவதைப் பார்த்து அவள் பயந்துபோனாள்.

“ஏன் கண்ணு இப்படி ஆயிட்டே? தண்ணி இருக்குதா?”

“நிறைஞ்சிருக்குது ஆத்தா.”

வேலாத்தாளுக்குப் பகீரென்றது. “உன்ற பிள்ளைக்கு?”

“பிள்ளைக்கும் நிறைஞ்சிருக்குது.”

இவ்வளவு தாகத்திலும் நம் வீட்டுப் பழக்கத்தை விடாமல் பேசுகிறதே என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

“ஐயோ ஆத்தா, நிறைஞ்சிருக்குதுன்னு சொல்றேனே!”

“புரியுது கண்ணு, புரியுது” என்று இன்னொரு சொம்பையும் கவிழ்த்தாள். அடுத்த சொல்லுக்குத் திறந்த வாயில் தண்ணீர்தான் நிறைந்தது. எதிர் ஓரத்திலிருந்து தங்கை கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் அக்கா வெடித்துக் கிடந்தது. உள்ளே பிள்ளை அழுகிப்போயிருந்தது.

“தண்ணி குடுத்தேனே, கேட்டதைத்தானே குடுத்தேன்” என்று வேலாத்தாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

“அக்கா கேக்கலை ஆத்தா. உள்ளதைச் சொன்னா. உங்க காதுல அது வேறயா விழுந்துச்சு” என்றது தங்கை. “நாங்க சொல்றது எங்களையே கொல்லும்னா, இனி நான் எதுக்குப் பேசணும்?”

அதோடு அது வாயை மூடிக்கொண்டது. வேலாத்தாள் கெஞ்சினாள், கொஞ்சினாள், கோபித்துக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. பேச்சு போனதோடு பச்சையும் போனது. நாளடைவில் சட்டியிலிருந்த சரளையின் நிறமே அதற்கும் வந்துவிட்டது. ஊர் திரும்பிய நாச்சிமுத்து, “சின்னதை எங்க காணோம்?” என்று தேடினார். அது அவர் கண் முன்னால்தான் இருந்தது.

அடுத்த வருஷம் தங்கையும் சுருங்கத் தொடங்கியது. வேலாத்தாள் சொம்போடு வந்து நின்றாள். கேட்டாள். பதில் இல்லை. பிள்ளையா, தாகமா? ஊற்றினாலும் சாகலாம், ஊற்றாவிட்டாலும் சாகலாம். அக்கா வெடித்துக் கிடந்தது நினைவுக்கு வந்தது. தண்ணீரை வாசலோர முருங்கை மரத்துக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

தினமும் அப்படித்தான். தினமும் அது இன்னும் கொஞ்சம் வற்றியது. ஒருநாள் வெறும் சருகாகத் தெரிந்தபோது, இதையும் கொன்றுவிட்டோம் என்று அழுதபடி சருகைக் கிள்ளி எடுக்கப் போனாள். விரலில் கெட்டியாக ஏதோ பட்டது. சருகுக்குள் புதிதாக இரண்டு இலைகள், கல் நிறத்தில், வாயை இறுக மூடிக்கொண்டு. வேலாத்தாள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். குளிர் வந்தபோது அந்த வாய் ஒரே ஒரு தடவை திறந்தது. சொல் வரவில்லை, ஒரு மஞ்சள் பூ வந்தது.

அதற்குப் பிறகுதான் வாயாடிச் செடி கல் செடியானது. அதை வளர்க்கிறவர்கள் பழைய இலைகள் வாடுவதைப் பார்த்துக்கொண்டு, கையிலுள்ள தண்ணீரை ஊற்றாமல் நிற்கக் கற்றுக்கொண்டதும் அதற்குப் பிறகுதான்.