சிரட்டை மையில் தெரிந்த முகம்

மலையடிவாரத்துக் காடு ஒன்றில் முட்டைகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

மயில் புதரடியில் முட்டையிடும். பொழுது சாய்ந்ததும் மரத்தில் ஏறி அடையும். விடிந்ததும் இறங்கி வந்து பார்த்தால், முட்டை இருந்த இடத்தில் சருகுதான் கிடக்கும்.

"யாராவது தின்றிருந்தால் ஓடாவது கிடக்க வேண்டுமே!" என்று மயில் அகவியது. "இது திருட்டே இல்லை. ஏதோ சூனியம்!"

அந்த ஒரு சொல் போதாதா, குழந்தைகளே? வெயில் ஏறுவதற்குள் அது காடு முழுவதும் பரவிவிட்டது. முயல் தும்மியது, சூனியம். மானுக்குக் கால் பிசகியது, சூனியம். கிளை தவறிக் கீழே விழுந்த குரங்கு, "நானாவது, விழுவதாவது! சூனியம் தள்ளிவிட்டது" என்று சத்தியம் செய்தது.

காட்டுக்குத் தலைவர் கரடி. கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் பார்வை மங்கல். போதாததற்கு, தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்ளும் பழக்கம் வேறு.

"சூனியம் என்றால் அதை வைத்தவர் யார்?" என்று கரடி கேட்டது.

"கண்டுபிடிக்க நான் இருக்கிறேன், தலைவரே! மை போட்டுப் பார்த்தால் வைத்தவர் முகம் தெரிந்துவிடும்!" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது நரி. அதன் நெற்றியில் சாம்பல் பட்டை. முன்னங்காலில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. சிரட்டை நிறையக் கன்னங்கரேல் என்று மை பளபளத்தது.

நரி சிரட்டையைத் தரையில் வைத்து மூன்று முறை சுற்றி வந்தது. குப்புறப் படுத்தது. முனகியது. நடுங்கியது. பிறகு சட்டென்று தலையைத் தூக்கியது.

"தெரிகிறது! சின்ன முகம்! பெரிய கண்! முழித்துப் பார்க்கிறது! தேவாங்கு, தலைவரே, தேவாங்கு!"

"தேவாங்கா!" என்று கூட்டம் கூவியது. "அப்போதே நினைத்தோம்! அந்தக் கண்ணைப் பார்த்தாலே தெரியவில்லையா!"

குரங்கு பாய்ந்தோடிப் போய், மரப்பொந்தில் தூங்கிக்கொண்டிருந்த தேவாங்கைக் கீழே இழுத்து வந்தது. தேவாங்கின் வயிற்றைப் பற்றிக்கொண்டு ஒரு குட்டி தொங்கியது. பகல் வெளிச்சம் தாங்காமல் தேவாங்கு கண்ணை இடுக்கியது.

"பார்த்தீர்களா? நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு!" என்றது நரி.

"வெயில் கூசுகிறது, நரியாரே" என்றது தேவாங்கு. "தலைவரே, நான் முட்டையைத் தொடவில்லை. ஆனால் தொட்டது யார் என்று தெரியும். நேற்று இரவு இந்த நரி புதருக்குள் போனதை என் கண்ணால் பார்த்தேன்."

நரி ஒரு கணம் திகைத்தது. மறுகணம் துள்ளிக் குதித்தது.

"கேட்டீர்களா, கேட்டீர்களா! நேற்று அமாவாசை! உங்களில் யாருக்காவது கண் தெரிந்ததா? இவளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது! சூனியக்காரிக்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்!" என்று கத்தியது கூட்டம்.

"பொழுது சாய்வதற்குள் காட்டை விட்டு வெளியேறு" என்றது கரடி.

காட்டுக்கு வெளியே தார்ச்சாலை. அந்தச் சாலையில் கூண்டோடு ஆட்கள் திரிந்தார்கள். தேவாங்கின் கண்ணில் மந்திரம் இருக்கிறது என்று நம்பும் மனிதர்களும் உண்டு. அவர்கள் பிடித்துக்கொண்டு போன தேவாங்கு எதுவும் திரும்பி வந்ததில்லை. குட்டி இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொண்டது.

இனி உண்மையைச் சொல்லிப் பயனில்லை என்று தேவாங்குக்குப் புரிந்தது. அது குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"போகிறேன், தலைவரே. போகிறவளுக்கு ஒரே ஒரு சந்தேகம். மையில் எந்த முகம் தெரிந்தாலும் அதுதான் சூனியக்காரர் முகமா?"

"எந்த முகமானாலும்!" என்று அடித்துச் சொன்னது நரி.

"பெரிய இடத்து முகமாக இருந்தால்?"

"மைக்கு ஏதம்மா பெரிய இடம், சின்ன இடம்?"

"யார் முகமானாலும் வெளியேற வேண்டியதுதான். இது என் உத்தரவு" என்று கரடியும் சேர்ந்துகொண்டது.

"நல்லது. அப்படியானால் தலைவரே ஒரு முறை குனிந்து பார்த்துவிடட்டும். நான் நிம்மதியாகப் போவேன்."

நரி அவசரமாகக் குறுக்கே வந்தது. "அது முடியாது! மையில் முகம் எல்லோர் கண்ணுக்கும் தெரியாது. களங்கமில்லாத கண் வேண்டும்!"

"ஓகோ!" என்றது தேவாங்கு. "தலைவர் கண்ணில் களங்கம் என்கிறீரா?"

கரடி நரியை ஏறிட்டுப் பார்த்தது. "தள்ளி நில்" என்றது.

சிரட்டைக்கு முன்னால் வந்து உட்கார்ந்த கரடி, பார்வை மங்கல் அல்லவா, மூக்கு மையில் படும் அளவுக்குக் குனிந்தது.

"தெரிகிறது!" என்று உறுமியது.

"என்ன தெரிகிறது, தலைவரே?" என்று எல்லாரும் நெருக்கியடித்தார்கள்.

"ஒரு முகம். அடேயப்பா, என்ன முகம்! கறுப்பு. அழுக்கு. நீள மூக்கு. தலையெல்லாம் சிக்குப் பிடித்த மயிர். சூனியக்காரன் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறது! அட, என்னையே முறைக்கிறான்! பல்லைக் காட்டுகிறான்! பிடியுங்கள் அவனை!"

யாரும் அசையவில்லை. மான் முயலைப் பார்த்தது. முயல் வானத்தைப் பார்த்தது.

குரங்குதான் வாயை விட்டது. "தலைவரே... காதை ஆட்டிப் பாருங்கள்."

கரடி காதை ஆட்டியது.

"அவனும் ஆட்டுகிறானா?"

"ஆட்டுகிறான். திமிரைப் பார்!"

"தலைவரே, அது நீங்கள்தான்."

தண்ணீரில்கூடத் தன் முகத்தைப் பார்த்திராத கரடி மூக்கைத் தடவிப் பார்த்தது. "நானா? நான் இப்படியா இருக்கிறேன்?" என்றது. பிறகுதான் அதற்குத் தன் உத்தரவு ஞாபகம் வந்தது.

"நரியே! முட்டைக்குச் சூனியம் வைத்தது நானா?"

"ஐயையோ, இல்லை தலைவரே! அது... மை கொஞ்சம் கலங்கிவிட்டது..."

"எங்கே, நான் பார்க்கிறேன்!" என்று குரங்கு எட்டிப் பார்த்தது. "ஐயோ, இதில் ஒரு குரங்கு இருக்கிறது!"

"நகரு, நகரு!" என்று மான் பார்த்தது. மான் தெரிந்தது. முயல் பார்த்தது. முயல் தெரிந்தது. ஆளாளுக்கு அலறிக்கொண்டு பின்வாங்கினார்கள். ஒரு நிமிடத்தில் காடு முழுக்கச் சூனியக்காரர்கள்!

கடைசியாகக் காட்டுப்பன்றி வந்தது. சாப்பாட்டைத் தவிர வேறொன்றும் அறியாத பிராணி. அது முகத்தைத் தேடவே இல்லை. மோந்தது. இன்னொரு முறை மோந்தது. நாக்கை நீட்டி ஒரே இழுப்பாக வழித்து நக்கியது.

"அட, முட்டை!" என்றது. "கரித்தூளில் முட்டையைக் கலக்கி வைத்திருக்கிறான். அதுதான் இந்தப் பளபளப்பு. அதுவும் மயில் முட்டை!"

மயில் கழுத்தை நீட்டியது. "பன்றியண்ணே, மயில் முட்டை ருசி உனக்கு எப்படித் தெரியும்?"

"அது... போன வருஷம்... தெரியாமல் ஒன்றை மிதித்துவிட்டேன்" என்றது பன்றி. "அந்தப் பேச்சு இப்போது எதற்கு? நரியைப் பிடியுங்கள்!"

நரி அதற்குள் மெல்ல நழுவிக்கொண்டிருந்தது. கரடி அதன் வாலை மிதித்தது. பிடரியைப் பற்றி இழுத்து வந்து, பன்றி நக்கியது போக மிச்சமிருந்த மையில் முகத்தை அழுத்திக் காட்டியது.

"யார் தெரிகிறது?"

நரி கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"யார் தெரிகிறது, சொல்!"

"...நரி" என்றது நரி.

"மை பொய். முட்டை மெய்" என்றது கரடி. "முட்டை ஓட்டையும் சேர்த்து விழுங்கினாயா? பொழுது சாயும்வரைகூட உனக்குத் தவணை கிடையாது. ஓடு!"

நரி ஓடியது. அதன் நெற்றிச் சாம்பல் வியர்வையில் கரைந்து வழிந்ததைக் குரங்கு மரத்துக்கு மரம் தாவிப் போய்ப் பார்த்து வந்து எல்லோருக்கும் சொன்னது. முயலுக்குத் தும்மல் மட்டும் நிற்கவில்லை. அது வெறும் சளி.

தேவாங்கு குட்டியோடு தன் பொந்துக்கு ஏறத் தொடங்கியது. மயில் மரத்தடியில் வந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டது.

"தேவாங்கு, உனக்குத்தான் இருட்டில் கண் நன்றாகத் தெரிகிறதே. இனிமேல் இரவில் என் முட்டையை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறாயா?"

"பார்த்துக்கொள்கிறேன், மயிலக்கா" என்றது தேவாங்கு. "பார்த்ததைச் சொன்னால் நம்புவாயா?"

மயில் சிறகை ஒடுக்கிக்கொண்டு தலை குனிந்தது.

நீதி: மையில் யார் முகம் தெரிகிறது என்று தேடுமுன், அந்த மையைக் கரைத்தவன் கையைப் பார்.